கற்றுக்கொடுக்கவும் ஓர் உரிமம் வேண்டும்

காசிமேட்டு விசைப்படகில் புதிதாகத் தொழிலுக்கு ஏறும் இளைஞர் சமைப்பார், ஐஸ் உடைப்பார், வலை இழுப்பார். சுக்கான் அவர் கைக்கு வருவது பெரும்பாலும் இரவில்தான். "வெளிச்சம் தெரிஞ்சா எழுப்பு" என்று சொல்லிவிட்டு டிரைவர் கண்ணயர்வார். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்றுக்கும் சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் கடல் அது. கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒருசேரத் தெரிந்தால், அது நேராக நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். இதை அந்த இளைஞருக்குச் சொல்லித்தர வேண்டியது யாருடைய பொறுப்பு?

எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானத்துக்கு இதில் தெளிவான விடை இருக்கிறது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, உரிமம் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும்; குறைந்தது 6 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 2 மணி நேரம் தனியாக. அந்தத் தனிப் பயணத்தில் 20 முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். பயிற்றுநர் ஆவதற்குத் தனித் தகுதி. ஐரோப்பிய விதியில் 100 மணி நேரமும் 200 ஏற்றங்களும் தலைமை விமானியாக முடித்த பிறகே பயிற்றுநர் வகுப்பில் சேர முடியும். அதன் இறுதியில் தேர்வும் உண்டு. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புணேயின் ஹடப்சரில் நெடுங்காலம் கிளைடர் பயிற்சி மையம் நடத்தியிருக்கிறது. முதல் தனிப் பயணத்துக்கு மாணவர் தயார் என்று முடிவெடுப்பவர் பயிற்றுநர்; பதிவேட்டில் கையெழுத்திடுபவரும் அவரே.

இரண்டு பேர் அமரும் விமானத்துக்கு இத்தனை கவனம். எட்டுப் பத்துப் பேருடன் நாள்கணக்கில் கடலில் தங்கும் படகுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

சான்றிதழ் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் அருகே மோதிக்கொண்ட பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் இரண்டும் முறைப்படி தேர்ச்சிபெற்ற அதிகாரிகள் செலுத்திய கப்பல்கள்தான். கசிந்த எண்ணெய் நம் கரையில் ஒதுங்கி, மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. நியாயமான கேள்விதான். ஆனால், சான்றிதழ் பெற்றவர்களே தவறும் கடலில், பயிற்சியே தராமல் ஒருவரைச் சுக்கானில் நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து.

அந்தப் பயிற்சிக்கு இடம் இல்லாமல் இல்லை. 1968 முதல் சென்னையில் இயங்கும் மத்திய மீன்வளக் கடல்சார், பொறியியல் பயிற்சி நிறுவனம் ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குப் படகு செலுத்துதலிலும் எஞ்சின் வேலையிலும் இரண்டாண்டுப் படிப்புகள் அங்கே உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டுக் கடலுக்கு வந்தவர் அந்த வாசலைத் தாண்ட முடிவதில்லை. நீரோட்டம் பார்த்து வலை விடத் தெரிந்த மூத்த டிரைவர் அங்கே ஆசிரியராகவும் முடிவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது இழப்பே பெரிதாகப் படுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. மூத்த டிரைவர்களைக் கடல் அனுபவத்தின் பேரில் தேர்ந்தெடுத்து, விளக்கு விதிகளையும் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் பேசும் முறையையும் கற்பித்து, பயிற்றுநர் சான்று தரலாம். தேர்வு தமிழில், வாய்மொழியாக நடக்கட்டும். ஒவ்வோர் இளைஞருக்கும் கடலில் கழித்த நாட்களைக் குறிக்கும் பதிவேடு இருக்கட்டும். தனியாகச் சுக்கான் பிடிக்கும் அனுமதியை டிரைவர் அதில் எழுதித் தரட்டும். அந்த டிரைவருக்குத் தடைக்கால நிவாரணத்தொகை போக, ஆசிரியருக்குரிய ஊதியத்தை மீன்வளத் துறை வழங்க வேண்டும்.