செயின்ட் அந்தோணிக்கு யார் தூது?

பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு தாண்டியதும் காற்று குளிரத் தொடங்கும். மேலே தேயிலை, புல்வெளி, மேகம். மெர்ச்சிஸ்டன் என்று ஸ்காட்லாந்துப் பெயரில் ஓர் எஸ்டேட் உண்டு. பெயர் வைத்தது ஐரோப்பா. கொழுந்து பறிக்க மலையேறியவர்களில் தமிழர்கள் நிறைய. கோவளத்தில் வெயில் காயும் வெள்ளைக்காரர்களும் குளிர் தேடி இங்கே வருவார்கள்.

2012 மார்ச்சில் அதே மாவட்டத்துக்கு இரண்டு இத்தாலியர்கள் வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். மலையிலிருந்து சுமார் 60 கி.மீ. கீழே, திருவனந்தபுரம் மத்திய சிறைக்கு. மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே. இருவரும் இத்தாலியக் கடற்படை வீரர்கள். மற்ற கைதிகளிலிருந்து தனி இடம், இத்தாலிய உணவு என்று ஏற்பாடுகள் நடந்தன. சிறைச் சமையலில் பாஸ்தா செய்யத் தெரிந்தவர் உண்டா என்று கேரளம் சிரித்தது. சிரிக்க அதில் வேறெதுவும் இல்லை.

பிப்ரவரி 15 அன்று மாலை, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், கன்னியாகுமரி மாவட்டத்து விசைப்படகு ஒன்று கரை திரும்பிக்கொண்டிருந்தது. பெயர் செயின்ட் அந்தோணி. படகில் 11 பேர். வேலை முடிந்த அலுப்பில் பலர் உறக்கத்தில். எதிரே வந்த என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் குமரி மாவட்டத்துத் தமிழர். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டதாக இத்தாலி சொன்னது. படகில் ஆயுதம் இல்லை. பதுவை நகரில் அடங்கியிருக்கும் அந்தோணியாரின் பெயரைத் தாங்கிய படகை இத்தாலிக்காரர்களே சுட்டார்கள் என்பதை முட்டம் முதல் பூத்துறை வரை பேசாத கடற்கரை இல்லை.

சோமாலியக் கொள்ளையர் பயம் அப்போது உச்சத்தில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே அங்கே கடற்படையை அனுப்பியிருந்தது. வணிகக் கப்பலில் ராணுவ வீரர்களை ஏற்ற 2011-ல் இத்தாலி சட்டம் செய்தது. ஐரோப்பாவின் பாதுகாப்பு எல்லை இப்படித்தான் மெல்ல நகர்ந்து நம்மூர்க் கட்டுமரங்களின் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு தூதர்களின் காலம். மத்திய தரைக்கடல் நாடொன்றின் சிப்பாய்கள் இருவருக்காக ஐரோப்பிய ஒன்றியம் பேசியது, நேட்டோவின் பொதுச் செயலாளர் கவலை தெரிவித்தார். 2013-ல் தேர்தலில் ஓட்டுப் போட இருவரும் நான்கு வார அனுமதியில் ஊர் போனார்கள். திருப்பி அனுப்பப் போவதில்லை என்று மார்ச் 11 அன்று ரோம் அறிவித்தது. உத்தரவாதம் கொடுத்திருந்த இத்தாலியத் தூதர் டேனியேலே மன்சினி நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. தூதருக்கே பயணத் தடையா என்று ராஜதந்திர வட்டாரம் அதிர்ந்தது. மார்ச் 22 அன்று வீரர்கள் திரும்பினார்கள். அதைக் கண்டித்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி பதவி விலகினார்.

2015 ஜனவரி 15 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மீனவர்களின் சாவுக்கு அனுதாபம் சொன்னது. குற்றச்சாட்டுப் பதிவு செய்யாமல் வீரர்களைப் பிடித்து வைத்திருப்பது கடுமையான மனித உரிமை மீறல் என்றும் சொன்னது. அப்போது ஒருவர் சிகிச்சைக்காக இத்தாலியில், மற்றவர் டெல்லியில் இத்தாலியத் தூதரகத்துக்குள். சிறையில் யாரும் இல்லை. ஆனால் தீர்மானத்தை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. விசாரிக்க வேண்டியது கேரளமா மத்திய அரசா, எந்தச் சட்டம், தூக்குத் தண்டனை வரும் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று மூன்று வருடம் இழுத்தடித்தது நம் அரசுதான்.

1975 ஆகஸ்ட் 1 அன்று ஹெல்சிங்கியில் 35 நாடுகள் கையெழுத்திட்டபோது சோவியத் நாடு விரும்பியது எல்லைகளுக்கு அங்கீகாரம். பதிலாக மனித உரிமை என்ற அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டது. தன் நாட்டில் ஒருவனை எப்படி நடத்துகிறோம் என்பது பிற நாடுகளும் கேட்கக் கூடிய விஷயம் என்று அன்று எழுத்தில் வந்தது. அடுத்த ஆண்டே மாஸ்கோவில் யூரி ஓர்லோவ் போன்றவர்கள் அந்தக் காகிதத்தைக் காட்டித் தங்கள் அரசையே கேள்வி கேட்டுச் சிறைக்குப் போனார்கள். நாதியற்றவனின் ஆயுதமாகப் பிறந்த வாசகம் அது. கேரள வழக்கில் அதைக் கையில் எடுத்தவர்களுக்குப் பின்னால் ஒரு கண்டமே நின்றது. படகில் இருந்தவர்களுக்காக எந்த நாடாளுமன்றமும் அந்தச் சொல்லை இவ்வளவு உரக்கச் சொன்னதாக நினைவில்லை. நம்முடையதும் சேர்த்துத்தான்.

வழக்கு ஹேக் நகருக்குப் போனது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'என்ரிக்கா லெக்ஸி சம்பவம்'. கொலை வழக்காகப் புறப்பட்டது சம்பவமாகி விட்டது. கப்பலின் பெயர் தலைப்பில் ஏறியது, படகின் பெயர் ஏறவில்லை. 2020 ஜூலையில் தீர்ப்பு வெளியானது. ஐந்து நடுவர்களில் மூவர், அரசுப் பணியில் இருந்ததால் வீரர்கள் மீது இந்தியா வழக்கு நடத்த முடியாது என்றார்கள். ஆனால் இந்தியப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மன வேதனைக்கும் ஈடு தர வேண்டும் என்றும் சொன்னார்கள். குற்ற விசாரணையைத் தானே தொடர்வதாக இத்தாலி வாக்களித்தது.

முன்பே கொடுத்திருந்த 2.17 கோடி ரூபாய்க்கு மேல் 10 கோடி வந்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில், வழக்கை நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று ரோம் நீதிமன்றமும் கோப்பை மூடியது.

குண்டு படாமல் தப்பித்தவர்களை அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பங்கு எங்கே என்று அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் தரும்படி 2022-ன் கடைசியில் உத்தரவு வந்தது.