மதுவுக்கும் மங்கைக்கும் இரு நீதியா?

பன்வில மலைச்சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்து, மழையிலும் பனியிலும் நனையும் நம் தாய்மார், அந்தியில் லயத்துக்குத் திரும்பும்போது உடல்வலியையும் சுமந்தே திரும்புகின்றனர். அவ்வலிக்கு மருந்தென்று சிலர் ஒரு மிடறு சாராயத்தை நாடுவதும், அம்மிடறு நாளடைவில் புட்டியாவதும் மலைநாட்டார் அறியாததன்று. அறிந்தும் பேசாதிருக்கிறோம், அதுவே நாம் செய்யும் பிழை.

கணவன் தவறணையிலிருந்து தள்ளாடி வந்தால் "களைப்பு" என்கிறோம். மனைவி குடித்தால் "இவளும் ஒரு பெண்ணா?" என்கிறோம். நோய் ஒன்று; தீர்ப்பு மட்டும் இரண்டா?

அரசும் அவ்வாறே தீர்ப்பளித்தது. தவறணையில் பெண்களுக்கு மது விற்கலாகாது என 1979 ஆம் ஆண்டு விதி பிறந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப் பெறச் செய்தார். பண்பாடு காக்கப்பட்டதாம்! பெண்ணுக்குக் கதவடைத்த விதி, அவள் மகனை அனுப்பி வாங்குவதைத் தடுத்ததா? லயத்துக்குள் நுழையும் கசிப்பைத் தடுத்ததா? 2016 முதல் இந்நாட்டில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்தவும் வழியுண்டு. ஆணெனப் பதிவாகியிருந்தவருக்கு விற்ற புட்டியை, அவர் பெண்ணெனப் பதிவானதும் மறுக்கும் விதி காப்பது ஈரலையா, பெயரேட்டையா?

நாம் குடிக்குப் பரிந்து பேசவில்லை. பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. ஆதலால் ஒரே அளவு மது அவள் குருதியில் மிகுந்து செறிகிறது, விரைந்து கெடுக்கிறது. கருவுற்றவள் குடித்தால் குழந்தையும் துன்புறும். ஆகவேதான் அவளுக்குச் சிகிச்சை முந்திக் கிடைக்கவேண்டும் என்கிறோம். வெட்கமோ அவளைப் பிந்தியே மருத்துவரிடம் அனுப்புகிறது. நெடுநாள் மிகக் குடித்தவளை அறையிலே பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால், வலிப்பும் சித்தக் கலக்கமும் கண்டு உயிருக்கே இடர் நேரலாம். பூட்டு மருந்தாகாது.

மலைநாட்டு வைத்தியசாலைகளில் தமிழறிந்த பெண் ஆலோசகர் வேண்டும். சிகிச்சை நாளுக்குச் சம்பளம் வெட்டப்படலாகாது. பெண்களிடம் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். கணவர்களோ, மனைவியைத் திருத்துமுன் தம் கையிலுள்ள குவளையைக் கீழே வைக்கட்டும்.

பெண்மைக்கு இழுக்கு அவள் குடித்ததிலா? நோயுற்றவளை நாம் கைவிட்டதில் நம் மனிதத் தன்மைக்கன்றோ இழுக்கு!