புதைக்கக் காசு இருந்தது, தோண்டி எடுக்க இல்லையா?



எங்கள் தென்னங்காணி முகமாலையில் இருக்கிறது. மூன்று ஏக்கர். உறுதி என் கையில் இருக்கிறது, காணியோ மிதிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு இத்தாவில் சண்டையோடு விட்டுவிட்டு ஓடிய வளவு அது. போர் ஓய்ந்தது, நாங்கள் பளைக்குத் திரும்பி வந்தோம், பேரப்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் அங்கே போய் ஒரு தேங்காய் பொறுக்க எங்களால் முடியவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதவைத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி. கணவனைப் போரில் இழந்தவள். இரண்டு பிள்ளைகளை மிதிவெடி அகற்றும் வேலையில் கிடைக்கும் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். போன கிழமை வேலியடியில் நின்று, "அம்மா, அடுத்த ஒப்பந்தம் வருமோ தெரியாது. காசு தாற நாடு தந்தால்தான் உண்டாம்" என்றாள். அவளுக்கு வேலை போனால் அவள் வீட்டு அடுப்பும் அணையும், எங்கள் காணிக்கான வழியும் அடைபடும். இரண்டுமே தூரத்து நாடொன்றின் தீர்மானத்தில் தொங்கிக்கொண்டிருப்பதை நான் ஆட்சேபிக்கிறேன்.

அந்தத் தூரத்துத் தீர்மானம் எப்படி வரும் என்பதை 2025 ஜனவரியில் பார்த்துவிட்டோம். ஜனாதிபதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தினார். அதோடு அமெரிக்கப் பணத்தில் நடந்த கண்ணிவெடி அகற்றும் திட்டங்களும் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. இலங்கையின் வடக்கில் இந்த வேலைக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்துவரும் நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. ஜப்பான், பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியா என்று மற்றவர்களும் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் நன்கொடை கடமையல்ல. கொடுக்கிறவர் எந்த நாளும் கையை எடுக்கலாம். எங்கள் மண்ணுக்குக் கடமைப்பட்டவர் யார் என்பதே என் கேள்வி.

முகமாலை மண் எப்படிப்பட்டது என்று தெற்கில் இருப்பவர்களும் அறிய வேண்டும். 2000 முதல் 2008 கடைசி வரை இரு படைகளும் நேருக்கு நேர் நின்ற முன்னரங்கு அது. அடுக்கடுக்காக மண் அணைகள், அவற்றுக்கு முன்னால் அடுக்கடுக்காக மிதிவெடிகள். இராணுவம் பாகிஸ்தானில் செய்த பி4 வகையை வைத்தது. புலிகள் தாங்களே செய்த ஜொனி 95, ரங்கன் 99 இரண்டையும் வைத்தார்கள். ஜொனியின் மரப்பெட்டி உக்கிப்போகும், உள்ளே இருக்கும் மருந்து உக்காது. பி4, ரங்கன் இரண்டிலும் உலோகம் மிகக் குறைவு, கருவிக்கு எளிதில் அகப்படாது. அதனால் அந்தப் பிள்ளைகள் முகக்கவசமும் கனத்த அங்கியும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழந்தாளிட்டு, இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கிறார்கள். ஒருத்தியின் ஒரு நாள் உழைப்பு சில சதுர மீற்றர்தான். ஒரு மிதிவெடியைச் செய்ய 3 டொலர் போதும், எடுக்க 300 முதல் 1000 டொலர் வரை ஆகும் என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்லிவருவதன் பொருள் இந்தப் பிள்ளைகளின் முதுகைப் பார்த்தால் விளங்கும்.

புதைத்தவர்கள் இரு தரப்பும் என்பதை நான் மறைக்கவில்லை. ஒரு தரப்பு இன்று இல்லை. எஞ்சி நிற்பது அரசு. அந்த அரசு 2017 டிசம்பர் 13ஆம் திகதி ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. உடன்படிக்கை இலங்கைக்கு 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் உறுப்புரைப்படி பத்து ஆண்டுகளுக்குள், அதாவது 2028 ஜூன் 1க்குள், தன் ஆளுகையில் உள்ள மிதிவெடிகள் முழுவதையும் அரசு அகற்ற வேண்டும். உதவி கேட்கும் உரிமையை அடுத்த உறுப்புரை தருகிறது. கேட்பது உரிமை, அகற்றுவது கடமை. உதவி வரவில்லை என்பதால் கடமை இல்லாமற் போகாது. காலநீட்டிப்புக் கேட்கலாம் என்று கொழும்பில் சொல்வார்கள். காணிக்காரர் எங்களிடம் யாரும் காலநீட்டிப்புக் கேட்டதில்லை.

புதைந்ததை அகற்றும் செலவு யாருக்கு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1980இல் ஒரு சட்டம் வந்தது. நயாகரா ஃபோல்ஸ் நகரின் லவ் கெனல் பகுதியில் இரசாயனக் கழிவு புதைந்த மண்ணுக்குமேல் குடியிருந்த மக்கள் எழுப்பிய குரல்தான் அதற்குப் பெரிய காரணம். கழிவைப் புதைத்தவனிடம் செலவை அறவிடு, அவனிடம் பெற முடியாவிட்டால் மத்திய அரசின் நிதியில் துப்புரவு செய், அப்போது மாநிலம் பத்தில் ஒரு பங்கைத் தரட்டும் என்பது அதன் சாரம். மண்ணுக்குள் மரணத்தைப் புதைத்தவர் ஒருவர், அதற்குமேல் வாழ்கிறவர் இன்னொருவர் என்றால், சுமை வாழ்கிறவர் தலையில் விழக் கூடாது என்ற நியாயம் அது. முகமாலை, கொக்குத்தொடுவாய், ஓமந்தை மக்களுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

எங்களுக்கோ பேச ஒரு மாகாண சபைகூட இல்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை, ஆளுநர்தான். சபை இருந்திருந்தாலும் அதன் வருமானத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது. மத்தியில் இருந்துதான் காசு வர வேண்டும்.

இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு அரசு செலவழிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களத்தில் நிற்கும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களின் பிள்ளைகளுக்குச் சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டுக் காசில்தான் வருகிறது. பாதுகாப்பு அமைச்சுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபா ஒதுக்கும் நாடு இது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பணம் எதற்கு என்று கேட்டால் மக்களின் பாதுகாப்புக்கு என்பார்கள். ஒரு தாய் தன் வளவில் குப்பை கொளுத்தப் பயப்படும் மண்ணில், பழைய இரும்பு பொறுக்கப்போன ஆள் திரும்பி வருவாரா என்று வீடு காத்திருக்கும் மண்ணில், பாதுகாப்பு என்பது வேறென்ன?

முடியாத வேலையும் இல்லை இது. எங்களைவிட வறிய மொசாம்பிக் 2015இல் கண்ணிவெடியற்ற நாடானது. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் துப்புரவானது.

ஆகவே வடக்கைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவரிடமும், எந்தக் கட்சியானாலும் சரி, மூன்று காரியங்களைக் கேட்கிறேன். வரும் வரவு செலவுத் திட்டத்தில் மிதிவெடி அகற்றலுக்கென்று தனித் தலைப்பில், வேலை முடியும்வரை ஆண்டுதோறும் தொடரும் ஒதுக்கீடு வேண்டும். வெளிநாட்டுக் காசு நின்றால் அந்த மாதமே அரசின் காசு அதே குழுக்களுக்குப் போக வேண்டும், பழகிய கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு தேடக் கூடாது. எந்தக் கிராமத்தில் எவ்வளவு நிலம் மிச்சம், எப்போது கையளிக்கப்படும் என்பதைத் தேசிய கண்ணிவெடி செயற்பாட்டு நிலையம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும்.

எனக்கு வயது எழுபத்தொன்று. தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் செல்லும். சொன்ன தவணைக்குக் காணி கிடைத்து, அந்த மாரியிலேயே கன்று வைத்தாலும், முதற் குலை தள்ளும்போது நான் எண்பதைத் தொட்டிருப்பேன். அந்த இளநீர் எனக்கில்லாவிட்டாலும் பேரப்பிள்ளைகளுக்கு ஆகட்டும். அவர்கள் அந்த வளவுக்குள் காலடி பார்க்காமல் ஓடித் திரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பளை, கிளிநொச்சி மாவட்டம்.