மணியின் வாயை அடைப்பதா?

மோட்டார் காரில் ஸீட் பெல்ட்டின் பூட்டுக்குள் சிறு மின்விசை ஒன்றுண்டு. பக்கத்து ஆசனத்தின் அடியில் பாரத்தை உணரும் கருவியுண்டு. ஆள் அமர்ந்தும் பூட்டினுள் உலோக நாக்கு நுழையாவிடில் விளக்கு எரிந்து மணி ஒலிக்கும். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களின் முன் ஆசனங்களுக்குச் சர்க்கார் இதைக் கட்டாயமாக்கினர். நம்மவர் செய்ததென்ன? வெறும் நாக்கை விலைக்கு வாங்கிச் செருகி மணியின் வாயை அடைத்தனர்! 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வர்த்தக ஸ்தாபனங்களுக்கு இவ்விற்பனையை நிறுத்தும்படி உத்தரவிட நேர்ந்தது. நாக்கு நுழைந்ததையே யந்திரம் அறியும். வார் மார்பில் கிடப்பதை அறியாது. அந்நியர் சட்டத்தை மீறியோர் பகிரங்கமாய் மீறிச் சிறை புகுந்தனர். நமது சட்டத்தை நாமே ஒளிந்து ஏய்ப்பது வீரமன்று. தன்னைத் தான் ஆளாதவனுக்குச் சுயராஜ்யம் ஏது?