அவசரப்பட்டால் எஞ்சின் போச்சு!

உள்ளங்கையில் அடங்கும் டீசல் எஞ்சின் அது. பால்சா மரத்தில் செய்த பொம்மை விமானத்தின் மூக்கில் அதைப் பொருத்துவார்கள். விசிறியை விரலால் தட்டிவிட்டால் "கிர்ர்" என்று கிளம்பும். விமானம் பறக்கும்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் இந்த எஞ்சின்களுக்கு ஏக கிராக்கி. 1946-ல் மில்ஸ் கம்பெனி 1.3 சி.சி. எஞ்சினைக் கொண்டுவந்தது. ஃபிராக், இ.டி., ஆலிவர் டைகர் என்று பல பெயர்கள் தொடர்ந்து வந்தன. மில்ஸ் மாதிரியைப் பார்த்து நம் கல்கத்தாவிலும் எஞ்சின் செய்தார்கள்.

அந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. ஆனால் எஞ்சின்கள் இருக்கின்றன. தாத்தா பெட்டியில் போட்டு வைத்ததைப் பேரன் எடுக்கிறான். சுழற்றிப் பார்க்கிறான். அசையவில்லை. உடனே குறடை எடுக்கிறான்.

அங்கேதான் எஞ்சின் சாகிறது. ஐம்பது வருஷம் கெடாமல் இருந்தது, ஐந்தே நிமிஷத்தில் கெட்டுப்போகிறது.

விளக்கெண்ணெய் செய்த வேலை

ஏன் அசையவில்லை? துருவாக இருக்கலாம். பெரும்பாலும் துரு அல்ல, விளக்கெண்ணெய்!

இந்த எஞ்சினுக்கு உணவு மூன்று: மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய். ஏறக்குறைய சரிபங்காகக் கலப்பார்கள். தீப்பொறி கொடுக்கும் பிளக் இதில் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டிலேயே ஈதர் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைச் சரிசெய்ய, சிலிண்டரின் மேல்பக்கத்தில் இன்னொரு குட்டிப் பிஸ்டன் உண்டு. தலையில் உள்ள திருகு அதைக் கீழே தள்ளும்.

விளக்கெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கும். நல்ல எண்ணெய்தான். ஆனால் வருஷக்கணக்கில் காய்ந்தால் வார்னிஷ் போல இறுகிவிடும். இரண்டு பிஸ்டன்களும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து சூடும் பொறுமையும். தலைமுடி உலர்த்தும் கருவியின் வெந்நீராவி போன்ற சூடான காற்றைக் காட்டினால் பல எஞ்சின்கள் இளகிவிடும். இளகாவிட்டால், கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தில் மெல்லிய சூட்டில் ஊற வைப்பார்கள். அது விஷம். சமையல் பாத்திரத்தில் செய்யவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. காஸ்டிக் சோடாவில் போடுகிறவர்களும் உண்டு. அது அழுக்கை மட்டும் தின்னாது, அலுமினியத்தையும் தின்னும்.

புகைபோகும் துவாரத்தில் திருப்புளியை விட்டு நெம்புவது மகா பாவம்! பிஸ்டனில் ஒரு கீறல் விழுந்தால் போதும். அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் வெறும் உலோகக் கட்டி.

ஜோடி பிரியக் கூடாது

பெரிய எஞ்சின்களில் பிஸ்டனைச் சுற்றி வளையம் இருக்கும். இந்தக் குட்டி டீசல்களில் பெரும்பாலும் வளையம் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரைவிட மிக மெல்லியது. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள்.

ஆகவே, அதே கம்பெனியின் அதே எஞ்சினிலிருந்து பிஸ்டனை மட்டும் எடுத்துப் போட்டால் பொருந்தும் என்று நம்ப முடியாது. எடுத்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். உடைந்த எஞ்சினைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதன் கூடு நொறுங்கியிருக்கலாம். ஜோடி நன்றாக இருக்கலாம்.

திருகாணியிலும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலேய எஞ்சின்களில் பி.ஏ. என்ற மரை உண்டு. 6 பி.ஏ. திருகாணியின் கனம் 2.8 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் திருகாணி அதே போலத்தான் தெரியும். வலிந்து முடுக்கினால் துவாரத்தின் மரை அழிந்துவிடும். நாலு காசு திருகாணி, கிடைக்காத கூட்டைக் கெடுத்துவிடும்!

புதிதாகச் செய்யலாமா?

எங்கு தேடியும் பாகம் கிடைக்கவில்லை. பட்டறையில் கடைந்து போடலாமா? தாராளமாகப் போடலாம். "அசல் போய்விடும்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எஞ்சின் ஓடுவதற்காகப் பிறந்தது. கண்ணாடி அலமாரியில் தூங்குவதற்கு அல்ல.

ஆனால், மாற்றிய பாகத்தை மறைத்து விற்பது மோசடி. பளபளப்புக்காகச் சாணை பிடித்து, கம்பெனிப் பெயரையே தேய்த்து விடுவதும் நல்லதல்ல. எந்தப் பாகம் பழையது, எது புதியது, எந்த வருஷம் மாற்றியது? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எஞ்சினோடு பெட்டியில் வைத்துவிடலாம். அடுத்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

பழுது பார்த்த எஞ்சினை முதலில் திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். ஈதர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். விசிறியைத் தட்டும்போது கெட்டியாகத் தடுத்தால், உள்ளே எண்ணெய் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பலமாகத் தட்டினால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். மேல் திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து, எண்ணெயை வடியவிட்டு, பிறகு மெதுவாகத் தட்டலாம்.