சத்தம் வேறு, பேச்சு வேறு

டெலிபோன் இலாகாவில் 34 வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ரிப்பீட்டர் ஸ்டேஷனில். டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். கம்பியில் போகும் குரல் போகப் போகத் தேயும். வழியில் ஆங்காங்கே ஆம்பிளிஃபயர் வைத்து அதைத் தூக்கிவிடுவதுதான் எங்கள் வேலை.

போன வருஷம் ஒரு நாள் என் மனைவி, "என்னங்க, அந்தச் சட்டையை எடுத்துக் குடுங்க" என்றாள். நான் கொல்லைக்குப் போய் ஒரு கட்டையை எடுத்து வந்து நின்றேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசு மட்டும் சிரிக்கவில்லை.

மகன் ஒரு காது மெஷின் வாங்கி வந்தான். சோதனை கீதனை எதுவும் கிடையாது, எல்லோருக்கும் ஒரே மெஷின். மாட்டியதும் ஃபேன் இரைந்தது, பாத்திரம் இடி மாதிரி விழுந்தது. பேச்சு மட்டும் பழையபடியே குழறியது. கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். பிறகு வீட்டில் யார் என்ன பேசினாலும் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

வாழ்நாளெல்லாம் ஆம்பிளிஃபயரோடு இருந்தவன், அதன் முதல் பாடத்தையே மறந்திருந்தேன்.

ஆம்பிளிஃபயருக்குச் சொந்தமாகப் பலம் கிடையாது. தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகுவது இரண்டு விரல், பாய்வது தொட்டித் தண்ணீர். அதுபோல, மைக்கிலிருந்து வரும் சின்ன சிக்னல், பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்ட்டைத் தன் வடிவத்துக்கு ஆட்டி வைக்கிறது. 20 டெசிபல் கூட்டினால் பவர் 100 மடங்காகிறது. ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே இரைச்சல் போனால் இரைச்சலும் 100 மடங்குதான். பேட்டரியின் அளவுக்கு மீறித் தூக்கப் பார்த்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். திருவிழா ஒலிபெருக்கியில் அதைக் கேட்டிருப்பீர்கள்.

நீளமான கேபிளில் எல்லா ஒலியும் ஒரே அளவில் தேயாது. கீச்சென்ற உயர் அதிர்வெண்கள்தான் அதிகம் தேயும். அதனால் ஆம்பிளிஃபயரோடு ஈக்வலைசரும் வைப்போம். எது எவ்வளவு தேய்ந்ததோ, அதை அவ்வளவு மட்டும் தூக்கும்.

வயதான காதும் அந்தக் கேபிள் மாதிரிதான். பெரும்பாலும் உயர் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். 'அ', 'ஆ' போன்ற உயிர் ஒலிகளின் கனம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, அவை நன்றாகக் கேட்கும். 'ச', 'க', 'த' போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. சட்டை கட்டையானது அப்படித்தான். டெலிபோனிலும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்புவோம். எஸ்ஸும் எஃப்பும் போனில் குழம்பியது அதனால்தான்.

ஆகவே என் கருத்து இது. காது மந்தத்துக்குச் சத்தத்தைக் கூட்டுவது மட்டும் மருந்தல்ல. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவு என்று ஆடியோகிராம் எடுத்துப் பார்க்காமல் மெஷின் வாங்குவது, லைனைச் சோதிக்காமல் ஆம்பிளிஃபயர் மாட்டுவதற்குச் சமம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சில சமயம் அடைத்த குறும்பியே காரணமாக இருக்கும், அதற்கு மெஷினே வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களிடம் கத்தாதீர்கள். கத்தும்போது உயிர் ஒலிதான் பெருக்கும். டிவியை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். இரைச்சலைக் குறைப்பதும் சிக்னலைக் கூட்டுவதும் ஒன்றுதான்.

நான் சோதனை செய்து, என் காதுக்கென்று சரிசெய்த மெஷின் வாங்கிவிட்டேன். விலை அதிகம்தான். பழகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போதும் கல்யாண மண்டபத்தில் திணறுகிறேன். ஆனால் வீட்டில் தலையாட்டுவதை விட்டுவிட்டேன். சட்டை கேட்டால் சட்டைதான் கொண்டு போகிறேன். வெட்கப்பட்டு டிராயரில் மெஷினைப் பூட்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஒருமுறை யோசியுங்கள்.