கள்ளுக்கடையும் மனச்சான்றும்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுக்கப் போதனை பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் உடனே எழும். அது வெறும் தடைகளின் பட்டியல் என்பது ஒன்று. என்ன செய்தாலும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது மற்றொன்று. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களில் சிலரும் இப்படி நினைப்பதுண்டு. உண்மையில் அந்தப் போதனை ஒரு கேள்வியைச் சுற்றிக் கட்டப்பட்டது. ஒரு மனிதன் செய்த செயலுக்கு அவன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி?

இந்தக் கேள்வியைக் கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் நடந்த வாழ்க்கையை வைத்தே விளக்கலாம். காப்பி, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று இந்த மண்ணில் பயிர் மாறியது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பயிர் எதுவானாலும் பால் வெட்டிய, குலை சுமந்த கைகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் தமிழர்களுடையவை. அவர்களில் மிகுதியானோர் இந்துக்கள். கத்தோலிக்கர் சிறு பகுதியினர். இப்பகுதி இன்று கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

முதலில் சுதந்திரம். 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ என்ற ஏட்டை வெளியிட்டார். திருச்சபையின் நம்பிக்கையையும் நெறியையும் 2,865 பத்திகளில் தொகுத்துத் தருவது அது. ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ, இதையோ அதையோ தேர்ந்துகொள்ளவோ மனிதனுக்கு உள்ள ஆற்றலே சுதந்திரம் என்கிறது மறைக்கல்வி. அந்த ஆற்றல் அறிவிலும் விருப்பாற்றலிலும் வேர்கொண்டது. இதுவரை யாரும் மறுக்கமாட்டார்கள். அடுத்து வரும் கருத்துதான் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது: மனிதன் நன்மையைச் செய்யச் செய்ய, அவன் சுதந்திரம் வளர்கிறது, தீமையைத் தேர்ந்துகொள்ளக் கொள்ள, அது சுருங்குகிறது.

பால் வெட்டப் பழகுகிறவரை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் அவர் கத்தி எப்படியும் போகும். பட்டையைத் தாண்டி உள்மரத்தில் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. பின்னாளில் பாலும் குறையும். சில மாதம் கழித்து அதே கை, விடியாத இருட்டில் தலைவிளக்கின் ஒளியில், வேண்டிய ஆழத்துக்கு மட்டும் சீவும். தொடக்கத்தில் அந்தக் கைக்குக் கட்டுப்பாடு இல்லை. நினைத்தபடி வெட்டும் சுதந்திரமும் இல்லை. பழகிய கைக்கு இரண்டும் உண்டு. சுதந்திரத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவைத் திருச்சபை இவ்வாறுதான் பார்க்கிறது.

அந்தச் சட்டம் எது? 13-ஆம் நூற்றாண்டின் இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் தந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. சட்டம் என்பது பொது நன்மைக்காக அறிவு வகுத்த ஒழுங்கு. ஒரு சமூகத்தைப் பேணும் பொறுப்புள்ளவர் அதை எல்லோரும் அறியச் செய்ய வேண்டும். ஆள்பவரின் ஆசை மட்டும் சட்டமாகிவிடாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. நன்மையைச் செய்ய வேண்டும், தீமையை விலக்க வேண்டும் என்று எந்த மனிதரின் அறிவும் தானே கண்டுகொள்வதை இயற்கைச் சட்டம் என்பார்கள். பத்துக் கட்டளைகள் அதன் முக்கிய விதிகளைச் சொல்லில் வைத்தவை. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில், திருச்சட்டத்தைப் பெறாத மக்களின் உள்ளத்திலும் அது எழுதப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். ஆகவே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இந்துவுக்கும் கத்தோலிக்கருக்கும் களவு களவுதான், கொலை கொலைதான்.

ஒரு செயலை எடைபோட மூன்றைப் பார்க்க வேண்டும்: செய்யப்படுவது எது, எந்த நோக்கத்தில், எந்தச் சூழ்நிலையில். தோட்டத்துக் கிராணி ஒருவர் தொழிலாளி கொண்டுவந்த பாலின் எடையைக் குறைத்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் படிப்புச் செலவுக்காகவே செய்கிறார். நோக்கம் நல்லதுதான், செய்யப்படுவதோ களவு. நல்ல நோக்கம் அதை நல்ல செயலாக்காது. சூழ்நிலை குற்றத்தின் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அன்றாடக் கூலியில் பிழைப்பவரிடம் திருடுவது, செழித்தவரிடம் திருடுவதைவிடக் கொடியது.

இனிதான் பலர் கவனிக்காத பகுதி. செயல் தவறு என்பது ஒன்று. செய்தவர் மீது எவ்வளவு குற்றம் சாரும் என்பது வேறு. மறைக்கல்வியின் 1735-ஆம் பத்தி, பொறுப்பைக் குறைக்கக்கூடியவற்றை எண்ணிச் சொல்கிறது: அறியாமை, கவனக்குறைவு, கட்டாயம், அச்சம், பழக்கம், கட்டுமீறிய பற்று, வேறு உளவியல், சமூகக் காரணங்கள். இவை பொறுப்பைக் குறைக்கலாம். சில வேளைகளில் இல்லாமலே செய்துவிடலாம். ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு, அதாவது இறைவனோடுள்ள உறவையே முறிப்பதற்கு, மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: செயல் கனமானது, செய்தவர் அதை முழுமையாக அறிந்திருந்தார், வேண்டுமென்றே இசைந்தார்.

இதைத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் வைத்துப் பார்ப்போம்.

காலனிய ஆட்சியில் தோட்டக் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடந்தது. கடை இல்லாவிட்டால் தொழிலாளர்கள் சம்சு என்ற கள்ளச்சாராயத்தைத் தேடுவார்கள் என்பது துரைமார் தரப்பு வாதம். சம்பளப் பணத்தில் ஒரு பங்கு கடைக்கே திரும்பியது. அங்கே குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியை அடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தது தவறு; அதில் திருச்சபைக்கு இரண்டு கருத்து இல்லை. அவருடைய குற்றத்தின் அளவைக் கேட்டால், பதில் படிப்படியாக வரும். குடி பழக்கமாகிப் பிடித்துக்கொண்ட பிறகு அவருடைய சுதந்திரம் குறைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் அவர் எப்படி வந்தார்? குடித்தால் கை ஓங்கும் என்று முன்பே தெரிந்தும் கடைக்கு நடந்தாரா? தெரிந்தே நடந்திருந்தால், வெறியில் செய்ததற்கும் அவர் பொறுப்பு. விளைவை நேராக விரும்பாவிட்டாலும், அதன் காரணத்தை அவர் விரும்பி ஏற்றார். ஒரு தீய விளைவு ஒருவர் கணக்கில் சேர இரண்டு வேண்டும் என்கிறது மறைக்கல்வி: அதை அவர் முன்கூட்டி அறியக்கூடியவராக இருக்க வேண்டும், அதைத் தவிர்க்கும் வாய்ப்பும் அவருக்கு இருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டியோட்டி ஆளைக் கொல்வதை அது எடுத்துக்காட்டாகவே சொல்கிறது.

கேள்வி தொழிலாளியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தவரின் பாவத்தில் நாமும் பங்காளி ஆகலாம். அதற்கு நேராக உடன்பட வேண்டும் என்றுகூட இல்லை. கட்டளையிடுவது, ஆலோசனை சொல்வது, பாராட்டுவது, தடுக்க வேண்டிய கடமை இருந்தும் தடுக்காமலிருப்பது எல்லாம் பங்கேற்பே. கடையை நடத்தியவர், அதற்குத் தோட்டத்தில் இடம் கொடுத்த துரை, உரிமம் கொடுத்து வரி வாங்கிய அரசு என்று பொறுப்பு மேலே ஏறுகிறது. 1740-ஆம் பத்தி இன்னும் ஒரு படி போகிறது. சுதந்திரத்தை நேர்மையாகப் பயன்படுத்தப் பொருளாதார, சமூக, அரசியல் நிலைமைகளும் தேவை. அவை மறுக்கப்படும்போது ஒழுக்க வாழ்வே பாரம் சுமக்கிறது என்பது அதன் கருத்து.

இந்தப் பத்தி எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சிலாங்கூர்த் தொழிலாளர்கள் அதே உண்மையைக் கண்டிருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டு மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு ஆகியவற்றைக் கேட்டார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை இறங்கியது, தொழிலாளர் உயிர்களும் போயின. குடியைத் தனிமனிதரின் பலவீனமாக மட்டும் பார்க்காமல் சம்பளத்தோடும் மானத்தோடும் சேர்த்துப் பார்த்த அந்த மக்களின் தெளிவு என்னை வியக்க வைக்கிறது. கள்ளை ஒழிப்பதில் தங்களுக்குள்ள பொறுப்பையும் அவர்கள் கைவிடவில்லை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்ற அமைப்பு நடத்திய கள் எதிர்ப்பு இயக்கத்தில் நின்றவர்கள் தோட்டத் தமிழர்களே.

கள்ளச்சாராயம் இன்றும் கொல்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள்; அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. மேலே சொன்ன இரண்டு அளவுகோல்களை இங்கே வைத்துப் பாருங்கள். மலிவான பாட்டிலை வாங்கியவருக்கு அதில் விஷம் இருப்பதை அறிய வழி ஏது? கலந்தவருக்கும் விற்றவருக்கும் அறிய வழி இருந்தது, விற்காமலிருக்கவும் முடிந்தது.

சம்பளத்திலும் இதே முறை செல்லும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை எழுதினார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு சம்பளம் நீதியாகிவிடாது என்றார் அதில். வறுமையாலோ பயத்தாலோ ஒருவர் கொடிய நிபந்தனைக்குத் தலையாட்டினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர். 2025 மே மாதம் பொறுப்பேற்ற இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் இந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுற்றுமடலை ஒரு காரணமாகச் சொன்னார்.

தோட்டத்தில் ‘ஒப்புக்கொண்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது? வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். நைஜல் கார்ட்னர், மேரி போன்ற தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியது அதனால்தான். இன்று செம்பனைக் காட்டில் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஊரில் கடன்பட்டு முகவருக்குப் பணம் கட்டி வந்தவர், பாஸ்போர்ட் தன் கையில் இல்லாதவர், கையெழுத்திட்டார் என்பதற்காக முழு மனதோடு இசைந்தார் என்று சொல்ல முடியாது.

‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும் இந்தப் போதனையில் எல்லை உண்டு. மனச்சான்று என்பது, நான் செய்யும் இந்தச் செயல் நல்லதா தீயதா என்று அறிவு தரும் தீர்ப்பு. உறுதியாகத் தெளிந்த மனச்சான்றுக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். ஆனால் அதைப் பயிற்றுவிக்கும் கடமையும் உண்டு. அறிய வழியே இல்லாதவரின் அறியாமை அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும். உண்மையைத் தேட அக்கறை காட்டாதவரின் அறியாமை அவரையே குற்றவாளியாக்கும். லயத்துப் பக்கம் காலெடுத்து வைக்காத மேலாளர் அங்குள்ள நிலை தெரியாது என்றால், அது இரண்டாம் வகை.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோம். மன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் விளைவித்த சேதத்தைத் தானாகச் சரிசெய்வதில்லை. களவாடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்று மறைக்கல்வி தெளிவாகச் சொல்கிறது. எடையைக் குறைத்து எழுதிய கிராணி, கோவிலில் மண்டியிட்ட பிறகும் கடனாளிதான். இங்கே பொது வாழ்விலிருந்து ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காரணம் காட்டி சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்குத் தடை விதித்தது. நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஆட்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பித் தந்தது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. சுங்கத் துறை இறையியல் பேசவில்லை. ஆயினும் ஈடுசெய்தல் என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

இப்படிக் குற்றத்தைப் படிப்படியாக அளப்பது சாக்குப்போக்குக்கு இடம் தராதா என்று கேட்கலாம். தரும், அந்த அபாயம் உண்மையானது. குடிகாரர் பழக்கத்தைக் காட்டித் தப்பலாம், முதலாளி சந்தையைக் காட்டித் தப்பலாம். அதனால்தான் போதனை ‘குறையலாம்’ என்கிறதே தவிர, குறைந்தே தீரும் என்று சொல்வதில்லை. எஞ்சிய சிறு சுதந்திரத்துக்கும் கணக்கு உண்டு.

என் பார்வையில், இந்தப் போதனை எழுத்தில் முழுமையாக இருக்கிறது. பேச்சில் பாதிதான் வருகிறது. குடித்தவரை, பூசை தவறியவரைக் கேள்வி கேட்பது எளிது, கேட்கிறோம். குடிக்க வைத்து லாபம் பார்த்தவரையும் சம்பளத்தைப் பிடித்தவரையும் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. தவக்காலத்தில் ஆன்மசோதனைக்காகப் பங்குகளில் கேள்விகள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் வேலை செய்பவரின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, அவர் சம்பளத்தில் நான் எதைப் பிடித்தேன், அவர் முகவருக்குப் பட்ட கடனைப் பற்றி என்றாவது கேட்டேனா என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஆண்டு அதில் சேருங்கள்.